கதவடைத்த வீடுகளுக்காக

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் பூமிநாதன் அவர்களே, அருள்மொழியால் எங்களை ஆற்றுப்படுத்தும் பங்குத்தந்தை அவர்களே, அலை ஓய்ந்தாலும் அலைச்சல் ஓயாத கடலோரப் பெரியவர்களே, பிள்ளையை இடுப்பிலும் பாரத்தை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை வாழ்த்துரை வழங்கத்தான் அழைத்தார்கள். வழங்க மனம் வரவில்லை. சற்றுமுன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். நம் மழலை வளர்ப்புத் திட்டத்தில், வீடு தேடி வரும் பணியாளருக்குக் கதவு திறக்காத குடும்பங்களை அடுத்த மாதம் முதல் நீக்கிவிடலாமாம். ஆர்வமில்லாதவர்களாம். யார் கண்டது? அடைத்த கதவு சொன்னதா? அதன் பின்னால் இருந்தவரிடம் நாம் கேட்டோமா?

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். காட்டட்டும் ஐயா, சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இதே அக்காள்மடத்தில் தம்பி எட்வர்ட் விசைப்படகில் தொழில் செய்கிறான். அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மனைவி ஜோதிமேரி, இரண்டு வயது மகள் பெனிட்டா, ஒற்றை அறை வீடு. செவ்வாய்தோறும் காலையில் உச்சிப்புளியிலிருந்து நம் பணியாளர் பூமயில் பஸ் ஏறி வருவார். பை நிறையப் பொம்மை, வாய் நிறையப் பாட்டு. வாசலில் ஜோதிமேரி உதட்டில் விரல் வைப்பாள்.

"ராவெல்லாம் கடல்ல கெடந்துட்டு இப்பத்தான் வந்து படுத்திருக்காக. சத்தம் வேணாம்க்கா. வெள்ளிக்கெழம கடலுக்குப் போக மாட்டாக, அன்னைக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை பூமயிலுக்கு வேறு ஊர். திட்டம் போட்டவர்கள் அப்படிப் போட்டுவிட்டார்கள். ஆகவே அடுத்த செவ்வாயும் போனார், அதற்கடுத்த செவ்வாயும் போனார். பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆர்வமில்லாத குடும்பம் என்று முடிவு கட்டியாயிற்று.

பூமயிலுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கரையில் எட்வர்ட் கூட்டாளிகளோடு வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணலில் குழந்தை. கேட்காமலே பெருமையாகச் சொன்னான்:

"எம்மக தங்கம்க்கா. நான் தூங்கையில ஒரு சத்தம் போடாது. சட்டி உருண்டாக்கூடத் திரும்பிப் பாக்காது."

அந்தப் பெருமையைக் கேட்ட பூமயில் பையைத் திறந்தார். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். அவள் திரும்பவில்லை.

"நீங்க கூப்பிடுங்க தம்பி" என்றார்.

எட்வர்ட் கூப்பிட்டான். பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டான். கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பெனிட்டா மட்டும் மணலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

அங்கே யாரோ உச்சுக்கொட்டுகிறீர்கள். உச்சுக்கொட்டி என்ன ஆகப்போகிறது?

குழந்தையை மதுரையில் மருத்துவரிடம் காட்டினார்கள். காதுக்குக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். பேச்சு வரும் என்றார் அவர். ஆனால் வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பழக்க வேண்டும், இந்த வயதை விட்டால் சிரமம் என்றும் சொல்லிவிட்டார். தலைவரே, நீங்கள் நீக்கச் சொன்ன வீடுகளில் அந்த வீடும் ஒன்று.

கடலை நம்பிய வீட்டுக்குக் கடல் இல்லாத நாளில் போவோம். விறகை எரித்துக் கரிமூட்டம் போடப் போன குடும்பத்தை அந்தக் கருவேலங்காட்டிலேயே போய்ப் பார்ப்போம். நாற்று நடப் போன தாயை அவள் வயலைவிட்டுக் கரையேறிய பிறகு பார்ப்போம். அழைத்த நாளில் போகாமல் இருந்துவிட்டு, போன நாளில் அழைக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமா? பிஞ்சுகளின் வாழ்வைவிட நம் வசதியா பெரிது?

தலைவர் ஏதோ சொல்கிறார். "நீக்க வேணாம்யா, நாள மாத்திக்கிருவோம்" என்கிறார். எல்லோருக்கும் கேட்டதா? நல்லது தலைவரே, கோடி கும்பிடு.

கடைசி வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு தாய் அழுகிறாள். பிள்ளை சத்தம் போடவில்லை என்று சந்தோஷப்பட்டோமே என்று அந்த நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஜோதிமேரி, அழாதே தாயி. ஊர் உன்னைக் கதவடைத்தவள் என்றது. நீ கதவடைத்தவள் இல்லை. எங்களை வரச் சொன்னவள். வராமல் போனது நாங்கள்.

பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.