ரோஸ் மில்க் வாத்து

நான் சுத்தம் பார்க்கிற ஆள், ஐயா. மூக்குக்கண்ணாடியைக்கூட வேட்டி நுனியால் துடைக்கமாட்டேன். இந்த விசாரணைக் குழு முன்னால் நான் உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். மற்றபடி என்னிடம் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகம் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் பெயர்பெற்றது ஒன்றே ஒன்றுதான்: இளஞ்சிவப்புத் தலை வாத்து. அந்த இனத்தை யாரும் உயிரோடு பார்த்துப் பல காலம் ஆகிறது. அழிந்துவிட்டது என்கிறார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை சுட்டு, பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து நமக்குக் கொடுத்தது.

என்னிடம் படித்த ஸ்னேகா இப்போது ஐதராபாத்தில் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறாள். கல்லிடைக்குறிச்சிப் பெண். அழிந்த உயிரினம் என்று அருங்காட்சியகங்களில் வைத்திருப்பவை உண்மையிலேயே அவைதானா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. நம் வாத்தின் கால்விரலிலிருந்து கடுகளவு தோல் போதும், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாள். கல்லூரி முதல்வர் சந்தோஷத்தில் பத்திரிகைக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

விருந்தாளி வரும் நேரத்தில் வாத்து தூசியும் ஒட்டடையுமாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? வீட்டுக்குக் கொண்டுபோய் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினேன்.

அத்தனை பழைய தோல் தண்ணீர் பட்டால் ஊறின அப்பளம்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. வாளியில் வைக்கோலும் கூழும் இரண்டு கண்ணாடிக் கண்களும் மிஞ்சின. அந்தக் கூழையே ஸ்னேகாவிடம் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். சரிதான். எனக்குத் தோன்றவில்லை. கண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாளையங்கால்வாயில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அப்புறம் கல்லூரியின் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஸ்ரீவைகுண்டம் பக்கம் அறுத்த வயலில் வாத்து மேய்ப்பார்கள். அங்கே போய் ஒன்று வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன். கால்வாய்க் கரையைத் தாண்டும்போது ஒரு கறுப்பு வாத்து என்னைப் பார்த்து ஓடிவந்தது. தினமும் அதற்கு நான் இட்லி போடுவது வழக்கம். அதனால் பிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. பஸ்ஸுக்கும் போகவேண்டியிருக்கவில்லை.

அது பக்கத்து வீட்டு மாரித்தாயின் வாத்து. அதற்குப் பெயர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். செல்லக்கனி.

தோலை உரித்து, கெட்டுப்போகாமல் இருக்க உள்பக்கம் வெங்காரம் தடவி, பஞ்சு அடைத்துத் தைத்தேன். வெள்ளை தெரிந்த இடங்களுக்கு என் மீசைக்கு வைத்திருந்த சாயம். தலைக்கு எந்தப் பெயின்டும் சரிவரவில்லை. கடைசியில் ரோஸ் மில்க் எசன்ஸ்தான் அந்த நிறத்தைக் கொடுத்தது. கண்களைப் பொருத்தினேன். உள்ளபடி சொன்னால், துரையின் வாத்தைவிட இது லட்சணமாக இருந்தது.

அன்று மத்தியானம் மாரித்தாய் வாசலில் வந்து நின்றாள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. தையல் மெஷினும் அந்த வாத்தும்தான்.

“சாரு, எம் புள்ளையப் பாத்தியளா? காலையில கால்வாய்க்குப் போனவ இன்னும் வரலையே.”

“அங்கன எங்கயாவது மேயும்மா. பைய வந்துரும்” என்றேன்.

அவளோடு கரை நெடுக நடந்து நானும் “செல்லக்கனி, செல்லக்கனி” என்று கூப்பிட்டேன். வகுப்பெடுத்துப் பழகிய குரல், தூரத்துக்குக் கேட்கும்.

ஸ்னேகா வந்தபோது வாத்தின் தலையில் எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன் சார் தலையில மட்டும் எறும்பு?”

“இந்த இனத்துக்குத் தலையில் கொஞ்சம் இனிப்பு உண்டும்மா” என்றேன். என் மாணவி, நம்பினாள். இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

கால்விரல் தோலை எடுத்துக்கொண்டு அவள் புறப்படும் சமயம் மாரித்தாய் ஒரு இறகோடு கல்லூரிக்கே வந்துவிட்டாள். வாத்துக் கூடையில் கிடந்த இறகு. “தாயி, நீ துணுக்கத் தோல வச்சே ஆள் யாருன்னு சொல்லுதியாமே. இத வச்சு எம் புள்ளை எங்க கெடக்கான்னு சொல்லு” என்று ஸ்னேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஸ்னேகா என்னைப் பார்த்தாள். “வாங்கிக்கோம்மா, பாவம்” என்று நான்தான் சிபாரிசு செய்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு போன் வந்தது. “சார், இது சாதாரண நாட்டு வாத்து.” துரை ஏமாற்றியிருப்பார் என்றேன். செத்துப்போன துரைக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

“இல்ல சார். பழைய தோல்னா மரபணு துண்டுதுண்டா உடைஞ்சிருக்கும். இது போன வாரம் செத்த மாதிரி முழுசா இருக்கு.”

“நம்ம பராமரிப்பு அப்படிம்மா.”

“சார், அந்த அம்மா குடுத்த இறகும் உங்க வாத்தும் ஒரே பறவை.”

வகுப்பில் நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாத்தை நான் தின்றுவிட்டதாக மாரித்தாய் புகாரில் சொல்லியிருப்பது அபாண்டம். என் கையால் இட்லி போட்ட வாத்தை நானே தின்பேனா? அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்டது தோல் மட்டும்தான். கறியை வீணாக்க மனம் வரவில்லை. அதில் வெங்காரம் ஒரு துளி படாமல் பார்த்துக்கொண்டேன். வாத்து தொலைந்த அன்று ராத்திரி, பொழுதுக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாரித்தாய் சுருண்டு கிடந்தாள். நல்லமிளகு தட்டிப்போட்டு நானே குழம்பு வைத்து, கோழி என்று சொல்லி எடுத்துப்போனேன்.

“இந்தத் தெருவுல நீங்க ஒருத்தராவது எம் மேல இரக்கப்பட்டியளே, சாரு” என்று அழுதுகொண்டே சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டார்தானே, ஐயா, சோறு கொடுக்க வேண்டும்? அந்தத் தெருவில் அதைச் செய்தவன் நான் ஒருத்தன்தான். அதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.