ஒரு சைஸ் சின்னது

இல்லங்க, வயசச் சொல்லாதீங்க. எட்டு வயசுன்னா ஜிம்னாஸ்டிக்ஸ் டிரஸ், அதான் இந்த லியோடார்ட், எட்டாம் நம்பர்னு யாராவது சொல்லியிருப்பாங்க. நான் அளவு பாத்துதான் குடுப்பேன். டேப்ப நீங்களே புடிங்க. தோள்ல ஆரம்பிச்சு, உடம்ப நீளவாக்குல ஒரு சுத்து சுத்தி, திரும்ப அதே தோளுக்குக் கொண்டு வாங்க. இறுக்காதீங்க. பாப்பா, மூச்ச உள்ள இழுக்காத, சும்மா நில்லு. பாத்தீங்களா, யாரும் சொல்லாமலே வயித்த எக்குது. போதும் கண்ணு, நீ போய் வாசப்படில உக்காந்து அக்காங்க குதிக்கிறதப் பாரு.

நீங்க உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். வாளியக் கவுத்துப் போட்டுக்கங்க. நாத்தம் அடிக்குதுல்ல? பன்னெண்டு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன், எனக்கே குமட்டும். நாப்பத்தாறு புள்ளைங்க, ஆளுக்கு மூணு. எல்லாம் கிளப் டிரஸ். வாங்குறது, துவைக்கிறது, தையல் விட்டா தைக்கிறது எல்லாம் நான்தான். சுடுதண்ணி ஆகாது, வெயில் ஆகாது. பாத்துப் பாத்து அலசிப் போடுவேன். அதுங்க என்னடான்னா வேர்வையோட சுருட்டி பிளாஸ்டிக் பையில திணிச்சு, நாலு நாள் கழிச்சுக் கொண்டு வரும். பிரிச்சா பூஞ்சை.

ஒருநாள் பிரிக்கிறேன், கை வழவழங்குது. உள்ள மென்னு துப்பின ரொட்டி. பேப்பர்ல மடிச்சு, லியோடார்ட்டுக்குள்ள வச்சிருக்கு. ச்சீன்னு தூக்கிப் போட்டேன். என்ன வளப்பு வளத்திருக்காங்கன்னு அந்தப் புள்ளையோட அம்மாவத் திட்டினேன். அடுத்த வாரம் இன்னொரு பையில. அப்புறம் மூணு பையில. அப்பதான் உறைச்சுது. வீட்டுல குடுத்து விட்டத, தின்னுட்டோம்னு காட்டுறதுக்காக ஒளிச்சு வைக்குதுங்க.

ஏன்னு கேக்குறீங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற மாஸ்டர்தாங்க காரணம். ஆர்டர் போடும்போது என் பக்கத்துல நின்னு, நான் எழுதின எல்லா அளவுலயும் ஒரு சைஸ் கொறைச்சாரு. டிரஸ் கடிச்சா வாயக் கட்டுவாளுங்கன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்கு அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் அருவருப்பா இருக்கு.

நான் என்ன செஞ்சேன்? வாயத் திறக்கலைங்க. திருட்டுத்தனமா கடையில போய் சரியான அளவா மாத்திட்டு வந்து, பழைய டிரஸ்லேர்ந்து சின்ன நம்பர் லேபிள வெட்டி அதுல தச்சேன். ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. ஏதோ பெரிய சாமர்த்தியம்னு எனக்கே ஒரு பெருமை. தூ.

எங்க புள்ளைங்கள்ல ஒருத்திய குருவின்னு கூப்பிடுவோம். பதினோரு வயசு. மெடல் வாங்கப் போறவன்னு மாஸ்டரே அவளுக்குத் தனியா ஒரு டிரஸ் வாங்கி நேரா கையில குடுத்துட்டாரு. என் கண்ணுக்கே வரல. போன மாசம் பீம் மேல, அதான் அந்த ஒசரமான ஒல்லிக் கட்டை மேல ஏறினவ, கண்ணு சொருகி அப்படியே சரிஞ்சா. கீழ விழுந்ததுல மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஓடிப் போய்ப் பாத்தா தோள்பட்டையில துணி பதிஞ்சு ரெண்டு பக்கமும் கன்னிப் போயிருக்கு. மூச்சு விடத் திணறுது புள்ள. கத்திரிக்கோல எடுத்தேன். என்ன சொன்னாரு தெரியுங்களா? வெட்டாத, போட்டிக்கு வாங்கினது, மெதுவாக் கழட்டுன்னாரு.

முறிஞ்ச கையிலேர்ந்து கழட்டணுமாம்.

வெட்டினேன். கழுத்துலேர்ந்து தோள் வரைக்கும் ஒரே வெட்டு. ஒரு துண்டப் போத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா, காலைல என்ன சாப்பிட்டன்னு கேட்டாங்க. ஐஸ் கட்டின்னா அவ.

இல்லங்க, பயப்படாதீங்க. உங்க பாப்பா தாராளமா சேரலாம். கிளப் தலைவருக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். லேபிள் மாத்தின என் திருட்டையும் சேத்துதான். இன்னிக்குக் காலைல முடிவு சொன்னாங்க. விசாரணை முடியுற வரைக்கும் மாஸ்டர் ஹாலுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வேற ஒரு டீச்சர் வர்றாங்க. குருவிக்கு மாவுக்கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறாங்க. திரும்ப வருவாளான்னு தெரியாது. வரலைன்னாலும் நல்லதுதான்.

மாஸ்டர் என்னை ஏதாவது பண்ணிடுவாரான்னா கேக்குறீங்க? ஒண்ணும் பண்ண மாட்டாரு. பேசத்தான் மாட்டாரு. மூணு வாரமா வீட்டுல பேச்சே இல்ல. அட, உங்களுக்குத் தெரியாதா? அவர் என் வீட்டுக்காரர்தாங்க. லெட்டர்ல முதல் கையெழுத்து என்னோடது, ரெண்டாவது எங்க பொண்ணோடது. பதினாறு வயசு. அவளும் இங்க ஆடினவதான். இப்பல்லாம் கதவச் சாத்திக்கிட்டுதான் சாப்பிடுவா.