கார் மிசின் பற்றி நடுநிலையன் எழுதியது

உங்கள் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவர் ஏலக்காயைப் பொடித்துப் போடாமல் நசுக்கிப் போடுகிறார். நல்ல பழக்கம். பாலில்தான் கொஞ்சம் தண்ணீர் கூடுதல். ஏலக்காய் விளைகிற மலையின் அடியில் உட்கார்ந்துகொண்டு இதைவிட நல்ல டீ கேட்கலாம்தான். ஆனால் நான் எதையும் அது இருக்கிற இடத்தில் வைத்தே எடை போடுகிறவன். ஸ்டேஷன் டீ என்ற வகையில் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

வாக்குமூலத்தை நானே கைப்பட எழுத அனுமதித்ததற்கு நன்றி, ஐயா. உங்கள் ரைட்டர் கெட்டிக்காரர்தான். ஆனாலும் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினால் அது அவருடைய நடையாகிவிடும்.

என் பெயர் பொன்னுராஜ். வயது நாற்பத்தாறு. தேனி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 'முல்லைக்கரை' வார இதழில் பதினோரு வருடமாக 'நடுநிலையன்' என்ற பெயரில் சினிமா விமர்சனம் எழுதி வருகிறேன். தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; நான் 'சுமார்' என்று எழுதிய படம் தேனியில் நான்காம் நாளைப் பார்த்ததில்லை. மயிலாடும்பாறையிலிருந்து படம் பார்க்கக் கிளம்புகிறவர்கள்கூட நடுநிலையன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஒருநாளும் நான் காசு வாங்கிக்கொண்டு எழுதியதில்லை, யாருக்காகவும் வளைந்ததும் இல்லை. என்னிடம் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். மனைவி மக்கள் கிடையாது.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஜெபமணியின் கூல்டிரிங்ஸ் கடை. இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். என்னைவிட இளையவன், தம்பி முறை. போன ஜூன் மாதம், 1986இல், மெட்ராஸில் ஒரு பொருட்காட்சி முடிந்து கழித்துக் கட்டிய கார் மிசின் ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பீரோ உயரம், இரும்பு உடம்பு. நெஞ்சுக்கு நேரே ஸ்டீயரிங், காலடியில் பெடல், முகத்துக்கு எதிரே டிவி. காசு போட்டால் டிவியில் ரோடு விரியும். ரோடு மலை ஏறும், வளையும், எதிரே வண்டிகள் வரும். இடித்தால் கார் பள்ளத்தில் உருண்டு விழும். மூன்று எண்ணுவதற்குள் புதுக் காராக ரோட்டில் வந்து நிற்கும்.

தேனிக்கு இது புது வரவு என்பதால் விமர்சனம் எழுதச் சொன்னார் பத்திரிகையின் ஆசிரியர் சங்கரலிங்கம். இரண்டு நாள் கடை வாசலில் நின்று கவனித்துவிட்டு எழுதினேன். ஸ்டீயரிங்கில் கனமில்லை, ரோட்டில் பள்ளமில்லை, மாடு இல்லை, மாட்டின் பின்னால் ஆள் இல்லை, விழுந்தவன் உடனே எழுந்துவிடுவதால் ஓட்டுகிறவனுக்குப் பயமே வருவதில்லை, பயமில்லாத இடத்தில் ஆட்டமும் இல்லை. குமுளி மலைப்பாதையில் ஒரு தடவை வண்டி ஓட்டியவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்றும், ஒரு மாதத்துக்கு மேல் இது தாங்காது என்றும் முடித்திருந்தேன். நான் எழுதியதிலேயே கச்சிதமானவற்றில் அதுவும் ஒன்று. இப்போதும் அதில் ஒரு வரியை நீக்க முடியாது.

ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதமும் ஆயிற்று. கூட்டம் குறையவில்லை. போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரிகள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். உத்தமபாளையம் காலேஜிலிருந்து ஒரு கும்பல் சனிக்கிழமை தவறாமல் வந்தது. கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவர், முகூர்த்தப் பட்டை மறந்துவிட்டு இங்கே நின்றார். எதிரே லாரி ஸ்டாண்டு. லோடு கிடைக்காத டிரைவர்கள் சீட்டு விளையாடுவதை விட்டுவிட்டு இங்கே வந்து வரிசை கட்டினார்கள். அவர்களில் முதன்மையானவர்தான் சின்னக்கருப்பு. ஜெயமங்கலத்துக்காரர். கோட்டயத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு வாரத்தில் நான்கு தடவை குமுளி மலை ஏறி இறங்குகிறவர்.

ஒருநாள் டீக்கடையில் யாரோ என் விமர்சனத்தை எடுத்து உரக்க வாசித்தார்கள். குமுளி மலை வரி வந்ததும் எல்லாரும் சின்னக்கருப்பைப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. நீங்க ஒரு தடவையாச்சும் அத ஓட்டிப் பாத்தீகளா?"

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறவன் அதில் நடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றேன். நல்ல பதில். சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என் பக்கம் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

செப்டம்பரில் ஜெபமணி என்னை அழைத்தான். ஸ்டீயரிங்கைத் தொட்டால் விரல் நுனி கூசுகிறது என்று ஓட்டுகிறவர்கள் சொன்னார்களாம். திறந்து பார்த்தேன். உள்ளே ஓரிடத்தில் ஒயரின் உறை வெடித்திருந்தது. எர்த் ஒயரை மெட்ராஸ்காரர்கள் வெறும் ஆணியில் சுற்றி விட்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஆளுயரக் குழி எடுத்து, கரியும் உப்பும் அடுக்கி, செம்புத் தகடு இறக்கி, புது எர்த் போட்டுக் கொடுத்தேன். தேனி பஜாரில் அதைவிட நல்ல எர்த் கிடையாது. உறை வெடித்த ஒயருக்கு மெட்ராஸிலிருந்து பாகம் வர வேண்டும், அதுவரை உள்ளே தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், பட்டாலும் இந்த எர்த் இருக்கிற வரையில் பியூஸ் போகுமே தவிர ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். ஆக, எனக்கு எல்லாம் தெரியும். இதை நீங்கள் கோடிட்டுக் கொள்ளலாம்.

அதே மாதம் சங்கரலிங்கம் என்னைக் கூப்பிட்டு, வாசகர் கடிதங்களை ஒரு கட்டாக எடுத்துக் காட்டினார். கார் மிசினைப் பற்றி மறுபடியும் ஒரு தடவை எழுதலாமே என்றார். எழுதியது எழுதியதுதான், மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த வார இதழில் என் பக்கத்தில், என் கட்டுரைக்கு மேலே, என் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில் 'ஒரு டிரைவரின் பார்வையில்' என்று வந்திருந்தது. சின்னக்கருப்பு சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. சொன்னபடியே போட்டிருந்தார்கள். எனக்கு மனப்பாடம்.

"எங்க அண்ணன் அழகுமலை, குமுளி மலையில லாரியோட விழுந்து செத்த வளைவு மாதிரியே ஒண்ணு இந்த மிசின்ல இருக்கு. மூணாவது வளைவு. அங்கன வரும்போதெல்லாம் விழுந்துருவேன். மூணு எண்ணுறதுக்குள்ள வண்டி திரும்பி வந்து நிக்கும். அதப் பாக்கத்தான் நான் தெனமும் போறேன். ஸ்டீயரிங்ல கனம் இல்லங்கிறாக. எனக்கு இருக்கு."

இது விமர்சனம் ஆகாது. தன் வீட்டுத் துக்கத்தைக் கொண்டுவந்து ஒரு மிசினின் மேல் ஏற்றுவது நேர்மையும் ஆகாது. இதை ஆசிரியருக்கு ஒரு கடிதமாகவே எழுதினேன், அவர் அதைப் பத்திரிகையில் போடவில்லை. அந்த இதழ் தீர்ந்து, மறுபடியும் அச்சடித்தார்கள். பதினோரு வருடத்தில் என் பக்கத்துக்காக யாரும் மறுபடி அச்சடித்ததில்லை. சர்ச்சில் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு அம்மாள் என்னிடமே வந்து, அதைப் படித்து அழுததாகச் சொன்னார்கள். எனக்குப் பொறாமை என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு தவறான கருத்து ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த வேண்டியிருந்தது.

ஆயுத பூசைக்கு லாரி ஸ்டாண்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக் கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு சுற்று ஓட்டி எடுப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார்கள். இந்த வருடம் டிரைவர்கள் கூடிப் பேசி, கார் மிசினுக்கும் பூசை போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இத்தனை மாதம் ஓட்டிய வண்டியைக் கழுவாமல் பூசை போட்டால் அது பூசையில்லை என்பது அவர்கள் வாதம். ஜெபமணிக்கு இரண்டு தயக்கம். ஒன்று வேதத்தைப் பற்றியது, அதற்குப் பாஸ்டரிடம் போனான். மற்றதற்கு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, தண்ணி ஊத்திக் கழுவணும்ங்கிறாக. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எர்த்துதான் இருக்கே தம்பி. தாராளமாக் கழுவட்டும்."

சொன்னபோது எர்த் இருந்தது. ஆகவே அது பொய்யில்லை. மறுநாள், பூசைக்கு முந்தின நாள், மதியம் அவன் சாப்பிடப் போனபோது வழக்கம்போலக் கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனான். பின்பக்கம் போய் எர்த் ஒயரை அவிழ்த்தேன். ஐந்து நிமிட வேலை. சாப்பிட்டுத் திரும்பியவன் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான், குடித்தேன்.

பூசையன்று பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மிசினுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். சின்னக்கருப்பின் மனைவி ஸ்டீயரிங்கில் பொட்டு வைத்தார். சூடம் காட்டினார்கள். பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இனி சுவிட்சைப் போட்டு ஒரு சுற்று ஓட்ட வேண்டியதுதான். சின்னக்கருப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஈர வேட்டி, வெறுங்கால்.

"அண்ணாச்சி, மொத ரவுண்டு நீங்க ஓட்டுங்க. பேப்பர்ல நான் எழுதினது உங்களுக்கு வருத்தம்னு சொன்னாக. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக."

இதை எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நல்ல மனிதர். அவருடைய மனதை நான் எந்தக் காலத்திலும் குறை சொன்னதில்லை, ரசனையைத்தான் சொன்னேன்.

"நீயே ஓட்டுப்பா. அதுதான் பொருத்தம்" என்றேன். ஜெபமணி சுவிட்சைப் போட்டான்.

அவர் கத்தவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சற்று நேரம் நின்றார். கூட்டம் அதை உற்சாகம் என்று நினைத்துக் கைதட்டியது. பிறகு சரிந்தார். நான் மூன்று எண்ணினேன். அதன் பிறகு போய் மெயினை அணைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. என் விமர்சனத்தில் நான் சுட்டிக்காட்டியிருந்த குறை இதுதான்.

நீங்கள் ஜெபமணியை அழைத்துப் போனீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் மனைவி ஞானபாக்கியம் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதபோதுகூடப் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் உங்கள் அறிக்கையில் 'எர்த் இணைப்பு முறையாகச் செய்யப்படவில்லை' என்று எழுதியிருப்பதாக அந்தம்மாள் சொன்னார்கள். அது உண்மைக்கு மாறானது. அந்த எர்த் மிக முறையாகச் செய்யப்பட்டது. அதைச் செய்தது நான், அவிழ்த்தது நான், அவிழ்த்தால் முதலில் ஓட்டுகிறவர் இறப்பார், அது சின்னக்கருப்பாகத்தான் இருக்கும் என்று தெரிந்து அவிழ்த்ததும் நான். ஜெபமணிக்கு இதில் சம்பந்தமில்லை. வேண்டுமானால் குழியைத் தோண்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நேற்று நீங்கள் கேட்டீர்கள், அந்த மிசினை நான் ஒரு தடவையாவது ஓட்டியிருக்கிறேனா என்று. இல்லை என்றேன். வாக்குமூலத்தில் பொய் இருக்கக் கூடாது. எர்த் போட்டு முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக ஓட்டினேன். ஆராதனை முடிந்து மணி அடிக்கும்வரை ஓட்டினேன். மூன்றாவது வளைவில் விழுந்துகொண்டே இருந்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒரு தடவை விழாமல் திருப்பிவிட்டேன், மலைக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. வாசலில் நின்று பார்த்தபோது எனக்கு அது தெரிந்ததில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது, ஐயா. மிக நன்றாக இருந்தது. ஸ்டீயரிங்கில் கனம் இருந்தது.

இதை எப்படியும் சங்கரலிங்கம் பத்திரிகையில் போடக் கேட்பார். கொடுங்கள். கொலையைப் பற்றி எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் போடட்டும், என் பெயரோடு போடட்டும். மேலே உள்ள பத்தியை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள். என் வார்த்தையை நம்பிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.