வளர்ற பொண்ணு தானேன்னு ரெண்டு சைஸு பெரிசா

அந்த கயித்துல வேணாங்க்கா... தப்பா நென்ச்சிக்காதீங்க. நேத்து தான் குடி வந்துகீறீங்க, வந்த மறுநாளே கயித்துக்கு சண்ட போட்றாளேன்னு நெனப்பீங்க. சண்டல்லாம் இல்ல. ஒங்க பெட்ஷீட்ட அங்க போட்டா எங்க துணிக்கு வெயிலு மறச்சிடும், அவ்ளோ தான். தோ, இந்தாண்ட கயிறு காலியா கீது, இங்க போட்டுக்கோங்க. நீங்க ஆவடி கோட்ரஸ்ல இருந்து தான வர்றீங்க? அங்கல்லாம் துணி காயப்போட எடம் தாராளமா இருக்கும். இங்க திருமுல்லைவாயில்ல ஒரு மாடி, அஞ்சு குடித்தனம். கயித்துக்கே ஒரு பஞ்சாயத்து நடந்துச்சி, சொல்றேன் இருங்க.

இன்னா பாக்கறீங்க... அந்த கருப்பு தான? எல்லாரும் அத்த தான் பாக்கறாங்க. சைக்கிள் ஓட்ற பசங்க போட்ற டவுசர் இல்ல. நீச்சல் டிரெஸ்ஸும் இல்ல, பக்கத்து போர்ஷன் பொண்ணு அப்டி தான் கேட்டுச்சி. ஜட்டிக்கா. எம்பொண்ணு காவ்யாவுது. பீரியட்ஸுக்குன்னே தச்சி விக்கறான். பேடு வேணாம், ஒண்ணும் வேணாம், அதுவே உறிஞ்சிக்கும். அலசி, தொவச்சி, காயவச்சி மறுபடியும் போட்டுக்கலாம்.

ஆங்... நானும் மொதல்ல இப்டி தான் முயிச்சேன்.

எம்பேரு நாகவல்லி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு வயர் கம்பெனில செக்கிங்ல கீறேன். ஊட்டுக்காரரு ஜெகதீசன், குட்டியான ஓட்றாரு, லோடு வண்டி. ஒரே பொண்ணு. ஒம்பதாவது படிக்குது, கபடி ஆடுது. ஊட்ல ஒரு கொடம் தண்ணி புடின்னா காதுல ஏறாது, அங்க போய் ஏயு பேர இஸ்துகினு கோட்டுக்கு வரும்.

போன வருசம் ஜோனல் மேட்சு. பாதி ஆட்டத்துல வெளிய வந்து பெஞ்சில ஒக்காந்துட்டா. வயித்து வலின்னு சொன்னாளாம். ஷோபனா மிஸ்ஸுன்னு பி.டி. மிஸ்ஸு, நல்லவங்க, கெஞ்சி பாத்துகீறாங்க. எய்ந்துக்கல. மேட்சு போச்சி. கூட ஆட்ற பொண்ணுங்க அவளாண்ட பேச்ச நிறுத்திட்டாளுங்க. இவ ஊட்டுக்கு வந்து, இனிமே கபடி வேணாம்னு சொல்ட்டா. நான் இன்னா பண்ணேன்? சந்தோசப்பட்டேன். சரி, ஒயுங்கா படிப்பான்னு.

மிஸ்ஸு தான் அப்பாலிக்கா என்னிய ஸ்கூலுக்கு கூப்ட்டு சொன்னாங்க. வயித்து வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரைடு போறா இல்ல, நாலு பேரு புடிச்சி அமுக்கறாங்க இல்ல, அதுல பேடு ஒரு பக்கமா சுருண்டுகிச்சி. டவுசர்ல பட்டுச்சோ இன்னாவோன்னு பயந்து ஒக்காந்தவ, கிரவுண்டுல எல்லாரும் போற வரிக்கும் எய்ந்துக்கல. இதெல்லாம் எங்கிட்ட சொல்லலக்கா. மிஸ்ஸாண்ட சொல்லிகீறா. எங்கிட்ட வயித்து வலின்னா, நானும் வெந்தயத்த மோர்ல போட்டு குடுத்துகினு கீறேன்.

மிஸ்ஸு தான் இந்த மாரி ஜட்டி ஒண்ணு வருது, நகராது, சுருளாது, வாங்கி குடுத்து பாருங்கன்னாங்க. சரின்னு ஊட்டுக்காரரு ஃபோன வாங்கி தேடுனேன். அய்யய்ய... அது ஒரு பேஜாரு. லைட்டுன்றான், ஹெவின்றான், நைட்டுன்றான், சின்ன பொண்ணுங்களுக்கு தனின்றான், குட்டையா ஒண்ணு, தொட வரிக்கும் ஒண்ணு. கல்யாணத்துக்கு பொடவ எடுக்கக்கூட நான் இவ்ளோ பாத்ததில்ல. இதுல இன்னா ஆச்சின்னா, நான் தேடுனது அவரு ஃபோன்ல இல்லியா... அதுலருந்து அத்த எப்ப தொறந்தாலும் ஜட்டி வெளம்பரமா வருது. லோடு எறக்கற எடத்துல நாலு பேருக்கு மேப்ப காட்றாரு, குறுக்க ஒரு பொண்ணு சிரிச்சிகினு நிக்குது. மனுசன் மூணு நாளு என்னாண்ட பேசல. ஃபோன மட்டும் கவுத்து கவுத்து வச்சாரு.

அளவெடுக்கணும்னு போட்டிருந்தான். காவ்யாவ கூப்ட்டேன். கிட்ட போனா கடிப்பா போல கீது. சரி, இவ எதுக்கு, துணி கீதேன்னு அவ யூனிபாரம் சுடிதார் பேன்ட்ட தரைல விரிச்சி இடுப்ப அளந்தேன். நாடா கோத்த பேன்ட்டுக்கா. சுருக்கு வுட்டு தச்சது. விரிச்சா எனக்கே பத்தும். அது அப்ப தோணல. வந்த அளவுக்கு மேல, வளர்ற பொண்ணு தானேன்னு இன்னும் ரெண்டு சைஸு ஏத்தி போட்டேன். யூனிபாரம் அப்டி தான எடுக்கறோம்? ஷூ அப்டி தான எடுக்கறோம்? நீங்க எடுக்க மாட்டீங்க?

பார்சல் வந்துச்சி. தூக்கி பாத்தா சும்மா சாதா துணி மாரி தான் கீது. இது எப்டி தாங்கும்னு எனக்கு ஒரே சந்தேகம். அன்னிக்கி பீட்ரூட்டு வேக வச்சிருந்தேன். அந்த தண்ணிய ஒரு டம்ளர் எடுத்து, ஜட்டிய தட்டுல வச்சி நடுவுல ஊத்துனேன். உறிஞ்சிச்சிக்கா. கீய ஒரு சொட்டு எறங்கல. பாருய்யா இத்தன்னு ஊட்டுக்காரராண்ட காட்டுனேன். அவரு சாப்ட்டுகினு இருந்தாரு. தட்ட எடுத்துகினு வாசப்படிக்கு பூட்டாரு.

அப்பாலிக்கா கற போவணும் இல்ல. கொதிக்க கொதிக்க தண்ணில ஊறவச்சி, பிரஷ்ஷு போட்டு தேச்சி, பொண்ணு போடப்போறாளேன்னு அந்த வாசன லிக்விட்ட ரெண்டு மூடி ஊத்தி முக்கி எடுத்தேன். ஊடே மல்லிப்பூ வாசன. அடுத்த பீரியட்ஸ் வந்தப்ப அவ வேணாம் வேணான்னு தான் சொன்னா. நான் தான், அம்மா சோதிச்சி பாத்துட்டேன், தகிரியமா போன்னு அனுப்புனேன். மிஸ்ஸும் சொல்லி, திரும்ப பிராக்டிஸுக்கு போனா.

சாயந்தரம் ஷேர் ஆட்டோல வரல. நடந்தே வந்தா, ரயிலு லைன் ஓரமாவே. துப்பட்டாவ இடுப்புல சுத்திகினு, பைய பின்னாடி தொங்கவுட்டுகினு. நேரா பாத்ரூமு. வெளிய வந்து, அந்த ஜட்டிய பக்கெட்ல இருந்து எடுத்து எம்முன்னாடி போட்டு ஒண்ணே ஒண்ணு தான் சொன்னா. "நீயே போட்டுக்கோ. ஒனக்கு தான் சரியா இருக்கும்."

கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். மெதுவா சொன்னாக்கா. அன்னிக்கி சாப்டல. நானும் சாப்டல.

எனக்கு எவ்ளோ கோவம் வந்திருக்கும் பாருங்க. அந்த கம்பெனி மேல தான். ஏமாத்திட்டான் படுபாவின்னு மறுநாளு லன்ச்சு டைம்ல ஃபோன் போட்டேன். கார்த்திகான்னு ஒரு பொண்ணு எடுத்துச்சி. சின்ன பொண்ணு, கொரலு அப்டி. நான் புடிபுடின்னு புடிச்சேன். அது பொறுமையா கேட்டுகினு, இன்னா சைஸு வாங்குனீங்கன்னுச்சி. சொன்னேன். எப்டி அளந்தீங்கன்னுச்சி. சொன்னேன். எப்டி தொவச்சீங்கன்னுச்சி. கொதிக்கிற தண்ணி, பிரஷ்ஷு, வாசன லிக்விட்டு, எல்லாத்தையும் சொன்னேன். எவ்ளோ அக்கறையா பண்ணிகீறேன்னு தெரியட்டுமே. அப்பாலிக்கா அது மெதுவா கேக்குது.

"மேடம், பேன்ட்ட அளந்தீங்களா? பொண்ண அளக்கலியா?"

உள்ள தோய்ஞ்சது வெளிய வராம இருக்க ஒரு படலம் மாரி வச்சி தச்சிருக்கானாம், சுடுதண்ணி அத்த கெடுக்குமாம். வாசன லிக்விட்டு துணி மேல மெயுகு மாரி ஒட்டிகினு தண்ணிய உறிஞ்ச வுடாதாம். அதெல்லாம் வுடுங்க, மொதல்ல ஒடம்போட ஒட்டி நிக்கலன்னா எந்த துணியும் வேலைக்கி ஆவாதாம், தொட பக்கம் லூசா இருந்தா அது வயியா வந்துடுமாம். எல்லாம் அது வந்த அட்ட டப்பால எய்தி கீதுன்னுச்சி. எய்தியிருக்கும். அந்த டப்பால நான் மாத்திர போட்டு வச்சிகீறேன். அடிபக்கமா எய்தி வச்சா யாருக்கு தெரியும், சொல்லுங்க?

நான் செக்கிங்ல கீறேன்க்கா. வயரு கனத்துல ஒரு முடி அளவு தப்பா இருந்தா ரிஜெக்டு போட்றவ. புதுசா வர்ற பொண்ணுங்கள எம்பக்கத்துல தான் ஒக்கார வெப்பாரு சூப்பர்வைசரு. சரி... அத்த இப்ப எதுக்கு சொல்லிகினு.

எங்கூட்ல சாரி சொல்ற பயக்கம்லாம் கெடையாது. நான் டேப்பையும் ஃபோனையும் காவ்யா தலமாட்டுல வச்சிட்டு, அந்த கார்த்திகா பொண்ணு இன்னா சொல்லிச்சோ அத்த அப்டியே சொன்னேன். பேன்ட்டு மேட்டரு வரிக்கும். அவ தலகாணில மொகத்த வச்சிகினு கீறா, தோளு ஆடுது. அயுவறான்னு நென்ச்சேன். சிரிக்கிறா.

கதவ சாத்திகினு அவளே அளந்தா. இடுப்பு ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு, ரெண்டையும் உள்ளருந்து சொன்னா, நான் எய்திகினேன். ரெண்டு அளவு ரெண்டு சைஸுல வந்துச்சின்னா சின்னத எடுக்கணுமா பெரிச எடுக்கணுமான்னு கார்த்திகாவாண்ட அவளே ஃபோன் போட்டு கேட்டா. வாங்குன பொண்ணுங்க கீய கமெண்டு எய்திருப்பாங்க இல்ல, அத்த பூரா படிச்சா. பாட புஸ்தகத்த அப்டி படிச்சிருந்தா... சரி வுடுங்க. மொத ரெண்டு நாளுக்கு ஹெவி, அப்பாலிக்கா லைட்டு போதும், ஸ்கூல்ல மாத்தணும்னா மாத்துனத போட்டு வெக்க ஒரு தண்ணி எறங்காத பை. பூ போட்டது கீது, ரோஸு கீது, நான் காட்டுனேன். கருப்பு தான் வேணும்ட்டா. இன்னொண்ணு சொன்னா பாருங்க, உள்ள தச்ச துணி பின்னாடி மேல வரிக்கும் நீளமா இருக்கணும், நான் மல்லாக்க தான வுயறேன்னு. அது எனக்கு எப்டிக்கா தெரியும்? நான் இன்னா கபடியா ஆட்றேன்?

அந்த பெரிசா? வீணாவல. காவ்யா தான் ஆப்ப சோடா போட்டு நாலு வாட்டி அலச சொன்னா, அலசுனேன், ஓரளவுக்கு சரியாச்சி. தோ, கோடில தொங்குது பாருங்க. அது என்னுது தான். சைஸு சரியா தான் கீது.

ஆங், கயிறு. இத்த பச்ச தண்ணில செவப்பு போற வரிக்கும் அலசி, சோப்பு போட்டு, நல்ல காத்து வெயில்ல காயவெக்கணும். நான் இங்க போட்டேன். ஹவுஸ் ஓனரு சண்முகசுந்தரம் சாரு ரிட்டைராயி, காலைல இந்த மாடில தான் வாக்கிங் போவாரு. அவரு சம்சாரம் கஸ்தூரியம்மா என்னிய படிக்கட்டுல நிறுத்தி, ஆம்பளைங்க பொயங்கற எடம், மேல ஒரு துண்ட போட்டு மூடிக்கோன்னாங்க. மூடுனேன். ஈரம் போவாம ஒரே கவுச்சி. இத்த போட மாட்டேன்னு காவ்யா ஒரு பக்கம். கஸ்தூரியம்மா ஒரு பக்கம். நான் ராத்திரில ஃபேனுக்கு கீய நாற்காலி மேல காயவெக்கறேன். எத்தினி நாளைக்கி?

ஒரு நாளு காலைல பக்கெட்ட காணோம். மேல வந்து பாத்தா ஊட்டுக்காரரு. ஃபோன கவுத்து வச்ச அதே மனுசன். ஒவ்வொண்ணா ஒதறி ஒதறி, லோடு கட்ற கயித்த புதுசா இயுத்து கட்டி, அதுல கிளிப்பு போட்டுகினு கீறாரு. அவரு பனியனு, அப்பாலிக்கா பொண்ணுது, அப்பாலிக்கா அவரு பனியனு. ஓனரு சாரு வாக்கிங் வந்துகினு இருந்தவரு நின்னுட்டாரு. இவரு கைய நிறுத்தல. "எம்பொண்ணுது சார். வெயில்ல தான் காயணுமாம்"ன்னாரு. அவ்ளோ தான் பேசுனாரு. ஓனரு சாரு தலய ஆட்டிட்டு கீய பூட்டாரு. இப்ப தெருவுல வாக்கிங் போறாரு. கயித்த பத்தி அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் அந்த கயிறு எங்களுது.

போன வாரம் மேட்சு. அவளுக்கு ரெண்டாவது நாளு. நான் கம்பெனில பர்மிஷன் சொல்லிட்டு போனேன், அவளாண்ட சொல்லல. காம்பவுண்டு ஓரமா, மத்த பொண்ணுங்க அம்மாங்களுக்கு பின்னாடி நின்னுகினு பாத்தேன். எனக்கு ரூல்ஸு தெரியாது. இவ போறா, தொட்டுட்டு வர்றா, எல்லாரும் கத்தறாங்க, நானும் கத்தறேன். அப்பாலிக்கா ஒரு ரைடுல புடிச்சிட்டாளுங்க. அஞ்சி பேரு. ஒருத்தி கால புடிச்சி இஸ்துகினா, மீதி மேல வுயுந்தாளுங்க. எம்பொண்ணு மல்லாக்க அடியில கீறா. எனக்கு அடிபட்டுச்சோன்னு பயமே இல்லக்கா. வேற பயம்.

நம்ம இன்னா பண்ணுவோம்... நான் கம்பெனில ஸ்டூல வுட்டு எய்ந்தா, மொதல்ல ஸ்டூல பாப்பேன், அப்பாலிக்கா பின்னாடி தடவி பாப்பேன். இத்தினி வருசமா. அந்த நாளு இல்லன்னா கூட பாப்பேன். எங்க லைன்ல அத்தினி பொம்பளைங்களும் அப்டி தான். யாரும் சொல்லி தரல, அது பாட்டுக்கு வந்துடுது.

இவ எய்ந்தா. மண்ண தட்டுனா. ஜடைய பின்னாடி தூக்கி போட்டா. திரும்பி பாக்கவே இல்லக்கா. நேரா கோட்டுக்கு பூட்டா.

மேட்சு தோத்துட்டாங்க. அது வேற. லெப்ட்ல நின்ன பொண்ணு ஒயுங்கா புடிக்கலன்னு ஊட்டுக்கு வர்ற வரிக்கும் திட்டிகினே வந்தா, வந்து மூணு பரோட்டா சாப்ட்டா.

அதனால சொல்றேன், ஒங்க பொண்ணுக்கு வாங்கும்போது பேன்ட்ட அளக்காதீங்க. அவளையே அளக்க சொல்லுங்க, அவளையே பொறுக்க சொல்லுங்க. நடுவுல போவாதீங்க. வளருவாளேன்னு பெரிசா எடுக்காதீங்க. எத்தினாவது படிக்குது பொண்ணு?

இன்னாது? ரெண்டும் பசங்களா?

...பரவால்ல. அவனுங்களாண்டயும் சொல்லி வைங்க. கூட படிக்கிற பொண்ணு எவளாவது எய்ந்துக்காம ஒக்காந்துகினு கீறான்னா, ஏன்னு கேக்காம அந்தாண்ட போவட்டும்.

ஏங்க்கா, கெளம்பிட்டீங்க... பெட்ஷீட்டு இன்னும் தோள்லயே கீது.