நசிந்து கிடந்த நாளம்

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, அம்மாவை இழந்து நிற்கும் மகள் கீர்த்தனியே, அன்புவழிபுரத்திலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து சேர்ந்த பெற்றோரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே!

எங்கள் உயிரியல் ஆசிரியை கமலேஸ்வரி டீச்சரைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். ஆற்றைப் படமாகக் கீறச் சொன்னால் கீறுவேன். குருதிக்கலனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

டீச்சர் மச்சம் மாமிசம் தொடாதவர். ஆனாலும் இந்தப் பாடம் வந்தால் முனீப் தம்பியின் இறைச்சிக்கடை வாசலில் நிற்பார். "எல்லாரும் ஈரல் கேக்குறாங்க டீச்சர், நீங்க மட்டும் ஆட்டுட ரத்தக் குழாயக் கேக்குறீங்க! இத எப்படிச் சமைக்கிற?" என்று முனீப் பகிடி பண்ணுவார். "முப்பத்தொரு பேருக்குப் பரிமாற வேணும், நீளமாய் வெட்டும் தம்பி" என்பார் டீச்சர்.

அதைக் குறுக்காக வெட்டித் தட்டில் வைப்பார். இரண்டு குழாய்களில், தடித்த சுவருள்ள நாடி வட்டமாக நிற்கும். மெல்லிய சுவருள்ள நாளம் நசிந்து கிடக்கும். பிள்ளைகளோ புத்தகப் படத்தை நினைத்து இரண்டையும் வட்டமாகக் கீறுவார்கள். "தட்டில நசிஞ்சு கிடக்குது. உம்மட கொப்பியில மட்டும் ஆர் காத்தடிச்சது?" என்று கேட்பார்! அந்தக் கேள்விக்குப் பிறகு பார்த்துக் கீறப் பழகியவர்கள் எத்தனை பேர்!

ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சொன்னார்: "சேர், முனீப்பிட்டச் சொல்லி வச்சிருக்கிறன். வாங்கிக்கொண்டுபோய்ப் பிள்ளையளுக்குக் காட்டுங்கோ. சோதினை கிட்டுது."

"எனக்கு ஏலாது டீச்சர்" என்றேன்.

"விளங்கப்படுத்த வேண்டாம். தட்டைப் பாருங்கோ, அதுவே காணும்."

போனேன். முனீப்பிடம் வாங்கி, வெட்டி, வகுப்பில் தட்டிலும் வைத்தேன். தட்டைப் பார்த்தேனா? இல்லையே! புத்தகத்தைத்தான் விரித்து வைத்தேன். பிள்ளைகள் அழகாக இரண்டு வட்டங்கள் கீறினார்கள். புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, முப்பத்தொரு கொப்பிக்கும் சிவப்பு மையால் சரி போட்டேன். டீச்சர் மகிழட்டுமென்று ஒரு கொப்பியைக் கட்டிலடிக்குக் கொண்டுபோனேன். அப்போது அவரால் பேச முடியவில்லை. நான் சரி போட்டிருந்த நாளத்தின்மேல் விரலை வைத்தார். மெதுவாக அமத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த நாள் போய்விட்டார்.

சபையோரே, "திருத்திவிட்டேன் டீச்சர்" என்று நான் இனி யாரிடம் சொல்ல? புது ஆசிரியர் இன்னும் வரவில்லை. பரீட்சைக்கு மூன்று கிழமைதான். இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்வேன்?

பிள்ளைகளே, உங்கள் கொப்பிகளில் நான் போட்ட சரி பிழை. செவ்வாய்க்கிழமை முனீப்பிடம் வாங்கி வருகிறேன். படிப்பிக்க எனக்குத் தெரியாது. தட்டை நடுவில் வைத்துவிட்டு உங்களோடு வாங்கில் உட்கார்ந்திருப்பேன். டீச்சர் சொன்னபடி அதை மட்டும் பார்ப்போம்.

கூராக்கிய பென்சில் ஒன்று எனக்கும் கொண்டுவாருங்கள்.