மூலையில் இருந்த மூட்டை

திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறிய பெண், எனக்கு முன் சீட்டில் இருந்த, தனக்குத் தெரிந்த பெண்ணிடம் உட்காரும்போதே பொரிந்து தள்ளினார்.

"நெல்ல வித்தது தப்புன்னு மைக்கு சொல்லுதாம்க்கா!"

"எந்த மைக்கு?"

"எங்க வீட்டுக்காரரு ஹால்ல ஹோம் தியேட்டர் மாட்டி, நடுவுல ஒரு மைக்க நிறுத்தி, அறைக்குத் தக்கன சத்தத்த அளந்து செட் பண்ணுனாரு. அப்ப மூலையில நெல்லு மூட்டை அடுக்கியிருந்துச்சு. நேத்து அத கொள்முதலுக்கு ஏத்திவிட்டேன். இப்ப படம் போட்டா திம்மு திம்முன்னு அதிருது. மூட்டைதான் சத்தத்த இழுத்துக்கிட்டு இருந்துச்சாம்."

"திரும்ப அளக்க வேண்டியதுதானே?"

"அளந்தாரே! மூட்டை இருந்த எடத்துல என்னைய உக்கார வச்சு."

"அப்புறம்?"

"இப்ப சரியா இருக்குதாம். படம் முடியுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதாம். அதான், எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டேன்."