நனைந்த கூண்டுகள்

எங்கள் தேவாலயத்தில் யார் தாமதமாக வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இருமல் போதும். வெண்டல் கோஸ்கி சின்னதாக இரண்டு முறை இருமி, பிறகு ஒரு தடவை பெரிதாக இருமுவார். வடக்கு மினசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊர்களில் வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை. ஆண்கள் முப்பது வருடம் சுரங்கத்துக்குப் போவார்கள். ஓய்வு பெற்றதும் ஏரியில் மீன் பிடிக்க ஒரு படகு வாங்குவார்கள். பிறகு சிலருக்கு மூச்சு குறைய ஆரம்பிக்கும்.

விசாரணை என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் மார்லிஸ் லிண்ட். வயது அறுபத்தொன்று. டுலூத் நகரத்தில் ஓர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் ஒரே ஒரு புரதத்தை ஆராய்ந்தேன். பத்தொன்பது வருடம் ஒரே பொருளோடு இருப்பவர்கள் குறைவு. நான் பொறுமையான ஆள்.

அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. உடம்பில் எங்காவது காயம் பட்டால், தழும்பு போட்டு மூடு என்று அது உத்தரவிடும். காயம் ஆறியதும் அடங்கிவிட வேண்டும். வெண்டல் போன்றவர்களின் நுரையீரலில் அது அடங்குவதில்லை. தழும்பின் மேல் தழும்பாகப் போட்டுக்கொண்டே இருக்கும். பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் தோல்செருப்புபோல் இறுகிவிடும். தண்ணீருக்குள் மூழ்கியவரையாவது கை கொடுத்துத் தூக்கலாம். இவர்கள் நம் எதிரே, நாற்காலியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூழ்குவார்கள். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கையாலாகாத நிலையை நீங்கள் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மருந்தை நாங்கள் கண்டுபிடித்தோம். முதலில் இளம் எலிகளுக்குக் கொடுத்தோம். நுரையீரல் இளகியது. எங்கள் தலைவர் டாக்டர் ஹாகன் அன்றைக்கு ஆய்வக நடைபாதையில் நின்று அழுதார். அவர் நல்லவர். அவருக்கு எதுவும் தெரியாது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வயதான எலிகள். நோய் வயதானவர்களுக்கு வருவது என்பதால் அது கட்டாயம். இரண்டு வயது எலி என்றால் எழுபது வயது மனிதருக்குச் சமம். கிழட்டு ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதால் ஒவ்வொன்றையும் தனிக்கூண்டில் வைத்திருந்தோம். நாற்பது எலிகளுக்கு மருந்து போய்க்கொண்டிருந்தது. எட்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அவற்றில் ஒன்று செத்துக் கிடந்தது. நெஞ்சைத் திறந்து பார்த்தேன். நுரையீரல் அழகாக இருந்தது. இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருந்தது. இதயச் சுவரில் கிழிசல்.

காரணத்தை அப்போதே புரிந்துகொண்டேன். வயதான இதயத்தில் சின்னச்சின்னக் கீறல்கள் விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் கீறல்களைத் தைத்து மூடுவதும் இதே புரதத்தின் உத்தரவுதான். அதன் வாயை அடைத்துவிட்டால் தைக்க ஆள் இல்லை. இளம் இதயத்தில் கீறல் இல்லாததால் முன்பு தெரியவில்லை. ஓர் ஆராய்ச்சியாளராகச் சொன்னால், அது மிகத் தெளிவான கண்டுபிடிப்பு.

வியாழக்கிழமை மருந்து நிறுவனத்தார் முடிவுகளைப் பார்க்க வருவதாக இருந்தது.

"கிழட்டு எலிங்க எப்படி இருக்கு, மார்லிஸ்?" என்று ஹாகன் கேட்டார்.

"நல்லா மூச்சு விடுதுங்க" என்றேன்.

"அது ஒண்ணு போதும்" என்றார்.

அது பொய்யில்லை. உயிரோடிருந்தவை நன்றாகத்தான் மூச்சு விட்டன.

எலி அறையில் எப்போதாவது நடக்கும் ஒரு விபத்து உண்டு. தண்ணீர் பாட்டிலின் மூடி தளர்ந்து கூண்டுக்குள் ஒழுகும். படுக்கையாகப் போட்ட மரத்தூள் நனைந்து, எலி குளிரில் விறைத்துச் செத்துப்போகும். அப்படிச் செத்த எலியை முடிவுகளில் சேர்க்க வேண்டாம் என்று விதியே இருக்கிறது. மருந்துக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் இல்லையே. அந்தத் திங்கட்கிழமை நான் பாட்டிலைக் கழற்றி, தூளின் மேல் கவிழ்த்தேன். பதிவேட்டில் 'கூண்டு நனைந்தது' என்று எழுதினேன். அடுத்த ஒன்பது நாட்களில் இன்னும் பத்துக் கூண்டுகள். மொத்தம் பதினொன்று. கடைசி இரண்டு எலிகளும் தளர்ந்துபோயிருந்தன, எப்படியும் மறுநாள் தாங்காது. தண்ணீர் ஊற்றும்போது அவை உயிரோடு இருந்தன. அறையின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் பெவ். இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் வேலை பார்த்தவர். அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"நேத்து சாயங்காலம் ஒவ்வொரு பாட்டிலையும் கவுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன், மார்லிஸ். ஒரு சொட்டு விழல."

"பழைய பாட்டில், பெவ். ரப்பர் தேஞ்சிருக்கும்."

"ஒண்ணு தேயும், ரெண்டு தேயும். பதினொண்ணுமா? அதுவும் மருந்து குடிச்ச எலியோட பாட்டிலாப் பாத்துத் தேயுமா?"

"நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. வீட்ல அம்மாவையும் பாத்துக்கிட்டு இங்கயும் வர்றீங்க. இந்த மாதிரி நேரத்துல கவனம் தவறுறது சகஜம்தான்."

அவர் "நான் கவனம் தவறல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கவனக்குறைவு என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தால் நல்லதாகவே எழுதித் தந்திருப்பேன். அவர் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. நூற்று அறுபது பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. வெண்டலை நான்தான் சேர்த்துவிட்டேன். அவராகவே வந்து கேட்டார். முடியாது என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. முதல் நாள் மருத்துவமனைக்கு என் காரில்தான் அழைத்துப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் புகை போட்ட மீன் பொட்டலம். நர்சுகளுக்காம்.

"டாக்டரம்மா, உங்க எலி தின்னதத்தான் நானும் திங்கப் போறேன். வால் கீல் முளைச்சா வெர்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார்.

"வால் முளைக்காது, வெண்டல்."

"அப்ப வேற என்ன ஆகும்?"

"மூச்சு வரும்" என்றேன்.

வந்தது. நான்கே மாதத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். "மாடிப்படி பதினாலு, டாக்டரம்மா. நின்னு நின்னு இல்ல. ஒரே ஏத்தம். ஏறி நின்னதும் எதுக்கு மேல வந்தோம்னு மறந்துபோச்சு. அவ்வளவு சந்தோஷம்." அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது சரி என்று எனக்கு ஒருநாள் உறுதியாகத் தெரிந்தது என்றால், அது அன்றைக்குத்தான்.

அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது விழுந்தார். அவர் மனைவி வெர்னா எனக்குத்தான் முதலில் கூப்பிட்டார். "மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு, மார்லிஸ்" என்றார். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "மூச்சு நல்லாத்தான் இருந்துச்சு." அடக்கத்துக்கு நான் காட்டரிசியும் கோழியும் சேர்த்து வேகவைத்து ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுபோனேன். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். வெர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ஆறு மாசத்தை நீதான் அவருக்குக் கொடுத்த" என்றார். நான் மறுக்கவில்லை. அதில் உண்மை இருந்தது.

மறுவாரம் ஹாகன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"கோஸ்கி மூணாவது ஆள். மூணு பேருக்கும் இதயச் சுவர் கிழிஞ்சிருக்குன்னு பிரேதப் பரிசோதனை சொல்லுது. மருத்துவமனையில கேக்கறாங்க. கிழட்டு எலிகள்ல இந்த மாதிரி எதுவும் பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மார்லிஸ்."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

எழுத்தில் கேட்டார்கள். எழுதியும் கொடுத்தேன். 'வயதான எலிகளில் இதயக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பதினோரு எலிகள் கூண்டு நனைந்த காரணத்தால் முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.' பதிவேட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு வாக்கியங்களிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. எழுபது வயதைத் தாண்டியவர்கள், பலர் புகைபிடித்தவர்கள், இதயக் கோளாறால் சாவது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றும் ஒரு வரி சேர்த்தேன். சோதனை மேலும் ஏழு மாதம் நடந்தது. செத்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் எண்ணிக்கையும் அதுதான்.

அப்போது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். எப்படி நிறுத்துவது? அதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மருந்து போய்விடும். மருந்து போனால் மிச்சமிருக்கும் எல்லோரும் மூச்சு முட்டிச் சாவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாவு. இடையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. யார் நிறுத்தினார்கள் என்று கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியாது.

மே மாதம் செய்தித்தாளில் சாவுகளைப் பற்றிப் படித்துவிட்டு, பெவ் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். செத்த எலி, அடியில் உலர்ந்த தூள், ஓரத்தில் காலை ஆறு முப்பது என்ற நேரம். நான் ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்த படம். அவர் உண்மையிலேயே கவனமான பெண். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது என் கணவரைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

ரோலண்டும் பதினேழு வருடம் சுரங்கத்தில் இருந்தவர். வெண்டலுக்குக் கண்டுபிடித்த அதே வசந்தத்தில் அவருக்கும் கண்டுபிடித்தார்கள். நோயும் அதுவேதான். அவருடைய குடும்பப் பெயர் வேறு என்பதால் ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வெண்டலும் அவரும் தினமும் தொலைபேசியில் பேசுவார்கள். வெண்டல் படியேறிய கதையைக் கேட்டுவிட்டு, ரோலண்ட் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"என்னையும் அதுல சேர்த்துவிடேன், மார்லிஸ்" என்றார். ஒரு வாக்கியம் பேசி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

"பேர் கொடுத்திருக்கேன். வரிசையில இருக்கு."

"உன்னோட மருந்து. உனக்குமா வரிசை?"

"எனக்குன்னு தனியா விதி கிடையாது."

பிறகு ஒருநாள் ஆய்வகத்தின் கடிதத்தாளில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். தங்கள் விண்ணப்பம் தகுதி விதிகளுக்குப் பொருந்தவில்லை, வருந்துகிறோம் என்று. தபாலில் போட்டேன். வீட்டில் நானே அதைப் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் குழந்தைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். "எந்த விதி பொருந்தலியாம்?" என்றார். எழுதவில்லை என்றேன்.

வெண்டல் செத்த பிறகும் கேட்டார். "அவனாவது ஆறு மாசம் மனுஷனா இருந்தான். எனக்கு ரெண்டு மாசம் போதும், மார்லிஸ். ரெண்டே மாசம்." நான் தலையணையை உயர்த்தி வைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? பிப்ரவரியில் போனார். கடைசி மூன்று நாட்கள் எப்படி இருந்தன என்று நான் சொல்லப்போவதில்லை. அது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

கூண்டுகளில் தண்ணீர் ஊற்றியது நான். பெவ் மீது பழி போட்டது நான். மருத்துவமனை கேட்டபோது இல்லை என்று எழுதியது நான். பதினான்கு பேருக்கும் நான்தான் பொறுப்பு என்றால், சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தெரிந்தே செய்தேன் என்று எழுதாதீர்கள். அந்த மருந்தை நான் மனதார நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அப்படி நம்பியவள் ரோலண்டுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று மறுபடியும் கேட்கிறீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, தெரியவில்லை. நாங்கள் முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். கட்டிய கணவரை வைத்து யாராவது சோதனை செய்து பார்ப்பார்களா?